உம்மும்மா, மழை உள்ளுக்கு வருது



இந்த மாதம் உங்களோடு ஒரு ரப்பர் துண்டைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சிரிக்க வேண்டாம். காரின் ஷட்டர் கண்ணாடி மேலும் கீழும் ஏறி இறங்கும் இடத்தில், கண்ணாடியை ஒட்டினாற்போல ஒரு கறுப்பு ரப்பர் பட்டி இருக்கிறதல்லவா? கராஜ்காரர்கள் அதை ஷட்டர் பீடிங் என்பார்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பட்டி எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சோடு விளையாடியது. அதைவிட, அதைக் கவனிக்காமல் இருந்த என்னை என் பேத்தியின் முன்னால் தலைகுனிய வைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது எண்பதுகளில் வந்த டொயோட்டா கொரோலா வேகன். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் நம் நாட்டு வீதியெங்கும் அதுதான். என் கணவர் 1992ஆம் ஆண்டு, மகள் பிறந்து நாற்பதாம் நாள் கழிந்த பிறகு, இரண்டாம் கைக்கு வாங்கினார். அவர் 2019இல் மௌத்தானார். அதன் பிறகு அந்த வாகனத்தை விற்றுவிடச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய வாகனங்களுக்குக்கூட நினைக்க முடியாத விலை ஏறியது. 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியதொன்றை வாங்கும் நிலை நமக்கில்லை. இருப்பதைப் பார்த்துப் பராமரித்துக்கொள்வதே வழி. ஐம்பது வயதில் நான் ஓட்டப் பழகியதும் அந்த வேகனில்தான்.

நாங்கள் இருப்பது மாவனல்லைப் பக்கம். மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். 2024 மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய நாட்களில்தான் இந்தக் கதையும் தொடங்கியது. பேத்திக்கு அப்போது ஆறு வயது. காலையில் பாடசாலைக்கு அவளை நான்தான் கொண்டுபோய் விடுவேன். பின் ஆசனத்தில், இடப்பக்கக் கதவோரம் அவளுடைய இடம்.

ஒரு நாள் காலை அவள் சொன்னாள்.

"உம்மும்மா, மழை உள்ளுக்கு வருது."

"ஷட்டரை நல்லா மேல ஏத்துங்க புள்ள" என்றேன்.

"ஏத்தித்தான் இருக்கு. ஆனா வருது."

"சும்மா கதை சொல்லாம இருங்க. லேட் ஆகுது."

இவ்வளவுதான் பேச்சு. கண்ணாடி மூடியிருந்தால் மழை எப்படி உள்ளே வரும்? சின்னப் பிள்ளை, தண்ணீர்ப் போத்தலைச் சரித்துவிட்டு மழைமேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு இரண்டு தடவை சொன்னாள். நான் பதில்கூடச் சொல்லவில்லை. நான்காவது தடவை அவள் சொல்லவே இல்லை. பிள்ளைகள் அப்படித்தான் சகோதரிகளே. நாம் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவர்கள் சண்டை பிடிப்பதில்லை, சொல்வதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டு வாரம் கழிந்து வாகனத்துக்குள் ஒரு மக்கல் வாடை. நனைந்த சாக்கு மூலையில் கிடந்தால் வருமே, அந்த வாடை. நான் என்ன செய்தேன்? வாசனை டப்பி ஒன்று வாங்கி முன்னால் தொங்கவிட்டேன். வாடைக்கு மேல் வாசனை. அதே நாட்களில் பேத்திக்கு இருமல் தொடங்கியது. முதலில் இருமல், பிறகு நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல ஓர் இழுப்பு. ஒரு நாள் பாடசாலை வாசலில் இறங்கும்போது மூச்சு வாங்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவளைப் பாடசாலைக்குள் விடவில்லை. நேரே டொக்டரிடம் கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளோடு சத்தம் போட்டேன். "நீ ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்துத்தான் இது. இரவில தலைக்குத் தண்ணி வாக்க வேணாம் என்டு எத்தின தரம் சொன்னேன்?" மகள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாட்கள் சரியாகவே பேசவில்லை. அவள் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது தடவை டொக்டரிடம் போனபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைக்கு இது எந்த நேரத்தில் வருகிறது? எந்த இடத்தில்? ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்." எழுதினோம். திங்கள் காலை, செவ்வாய் காலை, புதன் காலை. சனியும் ஞாயிறும் ஒன்றுமில்லை. வீட்டில் விளையாடும்போது இல்லை, நித்திரையில் இல்லை. பாடசாலைக்குப் போய்ச் சேரும் நேரம் மட்டும். கொப்பியை வாசித்துப் பார்த்த மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "உம்மா, கார்ல ஏறினாத்தான் வருது."

அன்று அஸருக்குப் பிறகு இருவரும் வாகனத்தடிக்குப் போனோம். பின்பக்கத்து ரப்பர் மெட்டைத் தூக்கினோம். அதற்குக் கீழே இருந்த காபட் கையில் பட்டதும் சில்லென்றது. காபட்டை இழுத்து மடித்தால், அடியில் போட்டிருக்கும் பஞ்சுத் தட்டு, பிழியாத பழந்துணி போலத் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது. அதன் ஓரமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பூஞ்சணம். ஈரம் காயாத இடத்தில் பூஞ்சணம் வளரும். அதன் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் கலந்து, இழுப்புக் குணம் உள்ள பிள்ளைகளுக்கு மூச்சு முட்டலைத் தூண்டிவிடும். ஷட்டர்களை எல்லாம் ஏற்றி மூடிய வாகனத்துக்குள், அந்தப் பூஞ்சணத்துக்குப் பக்கத்திலேதான் தினமும் காலையில் நான் அவளை இருத்திக்கொண்டு போயிருக்கிறேன். மேலே ஒரு வாசனை டப்பியையும் தொங்கவிட்டு.

அந்த மாலையில் நான் செய்த அடுத்த பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது, கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதும், ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும் தெரிந்தது. 'ஓட்டை இங்கேதான்' என்று முடிவு கட்டினேன். கடையில் ஒரு சிலிக்கன் கம் வாங்கி, எல்லா ஓட்டைகளையும் நன்றாக அடைத்துவிட்டேன். பெரிய வேலை செய்து முடித்த திருப்தி வேறு. அடுத்த மழைக்குப் பிறகு வாகனத்தைத் திருப்பும்போதெல்லாம் கதவுக்குள் 'களக் களக்' என்று ஒரு சத்தம். டிக்கியில் தண்ணீர்ப் போத்தல் உருளுகிறது என்று நினைத்தேன். போத்தல் அல்ல. கதவே போத்தலாகிவிட்டிருந்தது.

ஊர்க் கராஜில் காட்டினேன். "பீடிங் செத்துப் போச்சு, மாத்தணும்" என்றார்கள். மூன்று கிழமை போய்ப் போய் வந்தேன். சின்ன வேலைக்கு அவர்களுக்கு நேரமில்லை. அது அவர்களுடைய பிழைப்பு, குறை சொல்வதற்கில்லை. கடைசியில் கொழும்பில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். "பஞ்சிகாவத்தைக்கு வாங்க ராத்தா, அங்க இல்லாத சாமான் இல்ல" என்றான்.

பஞ்சிகாவத்தையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பு மருதானைக்குப் பக்கத்தில், வீதியின் இரு பக்கமும் வாகன உதிரிப்பாகக் கடைகள். கதவுகள், கண்ணாடிகள், விளக்குகள் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். அதில் ஒரு சின்னக் கடையில் தாடி நரைத்த ஒரு நானா இருந்தார். கொரோலா வேகனுக்கு ஷட்டர் பீடிங் வேண்டும் என்றேன். அவர் கேட்கத் தொடங்கினார்.

"முன் கதவா, பின் கதவா?"

"பின் கதவு."

"எடமா, வலமா?"

"எடம்."

"வெளிப் பீடிங்கா, உள் பீடிங்கா, இல்லாட்டி கண்ணாடி ஓடுற சனலா?"

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். நானா சிரித்துவிட்டார். "ராத்தா, தையல் கடைக்கு அளவுச் சட்டை இல்லாமப் போவீங்களா? பழசைக் கழட்டிக்கொண்டு வாங்க. வாகனத்துட பேரு மட்டும் போதாது. ரப்பரை வெட்டின முகம் பொருந்தணும்."

அந்தப் பயணம் வீணாகவில்லை. அவர் ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்து, இருபது நிமிடம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். எனக்கு விளங்கியதை உங்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

கார்க் கதவு என்பது உள்ளே வெறுமையான ஒரு பெட்டி. மேலே நீளமாக ஒரு பிளவு. தபால் பெட்டியில் கடிதம் விழுவது போல அந்தப் பிளவுக்குள்தான் கண்ணாடி இறங்குகிறது. கண்ணாடி இறங்க வேண்டுமென்றால் பிளவை அடைக்க முடியாது. ஆகவே வெளிப்பக்கம் ஒரு ரப்பர் உதடு, உட்பக்கம் ஒரு உதடு என்று இரண்டும் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கின்றன. கண்ணாடியில் வழியும் மழைநீரின் பெரும் பங்கை வெளி உதடு வழித்து வெளியே தள்ளிவிடும். கண்ணாடியின் பக்கங்களிலும் மேலேயும், அது ஓடுவதற்கு உட்புறம் மயிர்த்துணி போட்ட, வாய்க்கால் வடிவ ரப்பர் ஒன்று இருக்கிறது. அதுதான் சனல். அது தேய்ந்தால் கண்ணாடி கடகடவென்று ஆடும், காற்றும் விசிலடிக்கும். இவை தவிர, கதவு மூடும்போது சுற்றி வர அமுங்கும் தடித்த ரப்பர் இன்னொன்று. எங்கள் கதவில் செத்துப் போயிருந்தது வெளி உதடு. அது கண்ணாடியைத் தொடாமல் ஒரு நூல் தூரம் விலகி, கல்லைப் போல இறுகிப் போயிருந்தது.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்குப் புதியது. பீடிங் புதிதாக இருந்தாலும் கொஞ்சத் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். வாகனத்தைச் செய்தவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் அந்த வழியாக வெளியேற வேண்டும். உள்பக்கத்து டோர் போட்டுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாளும் ஒட்டப்பட்டிருக்கும். கதவுக்குள் விழும் தண்ணீர் ஆசனப் பக்கம் வராமல் தடுப்பது அதன் வேலை. முன்பு எப்போதோ யாரோ பூட்டைத் திருத்தக் கதவைத் திறந்து, எங்கள் வாகனத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டிருந்தார்கள். அடியில் இருந்த வழியை நானே அடைத்தேன். போக வழியில்லாத தண்ணீர், கிழிந்த தாள் வழியாகப் பிள்ளையின் காலடிக்கு வந்தது.

"மழையை முழுசா நிப்பாட்ட ஏலாது ராத்தா. வரக்கூடியதைக் குறைக்கணும், வந்ததுக்குப் போக வழி விடணும்" என்றார் நானா.

நான் இன்னொன்றும் கேட்டேன். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரப்பர் தோட்டம். ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு ரப்பருக்கு இந்தப் பாடா? அவர் விளக்கினார். நமது மரத்து ரப்பர் டயருக்கு அருமையானது. இழுத்தால் நீளும், தேய்மானம் தாங்கும். ஆனால் வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் நேராகப் பட்டால் அது விரைவில் வெடிப்பு விடும். ஆகவே வாகனங்களின் கதவு, ஷட்டர் ரப்பர்களை இந்நாட்களில் பெரும்பாலும் ஈபீடிஎம் என்ற செயற்கை ரப்பரில்தான் செய்கிறார்கள். அது வெயிலை அதிகம் தாங்கும். தாங்கும் என்பதற்காகச் சாகாமலும் இல்லை. நாற்பது வருட வெயிலில் எதுதான் மிஞ்சும்? தென்னமெரிக்காவுக்கு வெளியே முதன்முதல் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டது 1876இல் நம் கம்பஹா, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் என்று நான் பாடசாலையில் படித்திருக்கிறேன். ஆனால் ரப்பருக்கும் வயது போகும் என்று பஞ்சிகாவத்தையில்தான் படித்தேன்.

ஊருக்கு வந்து, அடுத்த ஞாயிறு காலை மகளும் நானும் வேலையைத் தொடங்கினோம். முதலில் ஷட்டரை முழுவதும் கீழே இறக்கினோம். பீடிங்கை ஒட்டிய பெயின்ட் கீறுபடாமல் காகித டேப் ஒட்டினோம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தகரம் நெளியும் என்று நானா சொல்லியிருந்ததால், தேய்ந்த அகப்பைக் காம்பு ஒன்றைத் தட்டையாகச் சீவி வைத்திருந்தேன். ஓர் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நெம்ப, கிளிப் ஒவ்வொன்றாகக் கழன்றது. எத்தனை கிளிப், எந்த இடத்தில் என்று மகள் கொப்பியில் வரைந்து வைத்தாள். இழுப்பு நேரம் எழுதிய அதே கொப்பி.

அடுத்தது டோர் போட். அதைக் கழற்ற வேண்டுமென்றால் ஷட்டர் சுற்றும் கைபிடி கழன்று வர வேண்டும். அதில் ஸ்குரூ இல்லை. பின்னால் மறைவாக ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கிறது. அதற்கும் நானா வழி சொல்லியிருந்தார். கைபிடிக்கும் போட்டுக்கும் இடையில் ஒரு துணி நாடாவை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல இழுக்க வேண்டும். துணியின் நூல் வளையத்தின் முனையில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். வீட்டுக்குள் போய்த் துணி தேடினேன். அலுமாரியில் அவருடைய பழைய சாரம் ஒன்று இருந்தது. ஐந்து வருடமாக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். ஓரத்தில் ஒரு முழ நாடா கிழித்து எடுத்தேன். இரண்டு இழுவை, வளையம் 'டிங்' என்று துள்ளி விழுந்தது. மகள் அதைப் பொறுக்கினாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய வாகனத்தை அவர்தான் திறந்து தந்தார் என்று எனக்குத் தோன்றியது.

கதவுக்குள் டோச் அடித்துப் பார்த்தோம். அடியில் இலையும் மண்ணும் சேறாகி ஒரு கோப்பை நிறைய இருந்தது. அதற்கு மேல் என் சிலிக்கன் கம். அதையெல்லாம் சுரண்டி எடுத்து, விளக்குமாற்று ஈக்கிலால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். அடித் தகரத்தில் துரு தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதவு அடியோடு உதிர்ந்திருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, துருவுக்கு அடிக்கும் பெயின்ட்டைப் பூசினோம்.

கழற்றிய பீடிங்கோடு நான் மறுபடி பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை நானாவுக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. பழசின் வெட்டு முகத்தையும் புதுசின் வெட்டு முகத்தையும் அருகருகே வைத்துக் காட்டி, கிளிப்புகளோடு சேர்த்துத் தந்தார். விரல் நகத்தால் புதிய ரப்பரை அழுத்தச் சொன்னார். குழி விழுந்து உடனே நிமிர்ந்தது. பழசை வளைத்தேன். பொரித்த அப்பளம் போல வெடித்தது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. புதிய ரப்பரை இழுத்து நீட்டிப் பூட்டக் கூடாது. இழுத்தால் அந்த நேரம் அளவாக இருக்கும். பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விடும். மூலையைச் சரியாக வைத்துவிட்டு நடுவுக்கு வர வேண்டும். சனல் ரப்பர் மாற்றுபவர்கள் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் அது வழுக்கிக்கொண்டு இடத்தில் உட்காரும். கிழிந்த தாளுக்குப் பதிலாகத் தடித்த பொலித்தீன் வெட்டி ஒட்டினோம். அதன் கீழ் விளிம்பு கதவின் உட்பக்கமாக மடிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் அதில் வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும். காபட்டின் அடிப் பஞ்சைத் திருத்த முயலவில்லை, எறிந்துவிட்டோம். காபட்டைக் கழுவி நான்கு நாள் நல்ல வெயிலில் போட்டோம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் எந்த உயரத்தில் உள்ளே வருகிறது என்று தெரியும். உள்ளே ஒருவர் டோச்சோடு இருக்க வேண்டும். நான் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"உள்ளுக்கு இருந்து பார்த்துச் சொல்றது நீங்கதான். மழை வருது என்டு மொதல்ல சொன்னதும் நீங்கதானே."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் சகோதரிகளே. டோச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய அதிகாரி போல ஏறி உட்கார்ந்தாள். மகள் ஜக்கால் ஊற்றினாள். கதவின் அடி ஓட்டைகளால் தண்ணீர் அழகாக வழிந்து நிலத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. "சரிதானே?" என்றேன்.

"இல்ல உம்மும்மா. இந்த மூலையில ஒரு சொட்டு."

எனக்குக் களைத்துப் போயிருந்தது. லுஹருக்கு நேரமாகியிருந்தது. ஒரு சொட்டுத்தானே என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு குனிந்து பார்த்தேன். பின் மூலையில் பீடிங் ஒரு சுண்டு விரல் அகலம் முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது. தொழுதுவிட்டு வந்து, கழற்றி, மறுபடி பூட்டினோம். மறுபடி ஊற்றினோம். இந்தத் தடவை அதிகாரி கையை அசைத்துச் சொன்னாள், "இப்ப வரல்ல."

அன்று இரவு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐஸ்கிறீமுக்கும் தலைக்கு வார்த்ததற்கும் அவள்மேல் போட்ட பழியை எடுத்துக்கொண்டேன். அவளும் தன் மனதில் அடைத்து வைத்திருந்ததைக் கொஞ்சம் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். நானா சொன்னது வீட்டுக்கும் பொருந்துகிறது. ஒன்றாக வாழும் இடத்தில் வருத்தம் வராமல் தடுக்க முடியாது. வந்ததற்குப் போக வழி விடாவிட்டால்தான் அது உள்ளே தேங்கித் துருவாகிறது.

பேத்தியின் இழுப்பு முற்றாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஆஸ்துமாக் குணம் இருக்கிறது. டொக்டர் தந்த பம்ப் இன்றும் அவளது புத்தகப் பையில் இருக்கிறது. ஆனால் பாடசாலை வாசலில் மூச்சு முட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் காலைகள் அதற்குப் பிறகு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இனி உங்களுக்கு. வீட்டில் பழைய வாகனம் இருந்தால், மழைக்குப் பிறகு ஒரு தடவை மெட்டைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். கதவின் அடி ஓட்டைகளை வருடத்துக்கு இரண்டு தடவை ஈக்கிலால் திறந்துவிடுங்கள், ஒருபோதும் அடைக்காதீர்கள். கதவைச் சுற்றியுள்ள தடித்த ரப்பரைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பர் மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ, மண்ணெண்ணெயோ, கிறீஸோ பூச வேண்டாம். மண்ணெண்ணெயிலும் கிறீஸிலும் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் தூசியை அள்ளி ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துக் காய்ந்தபின் சிலிக்கன் ஸ்பிரே கொஞ்சம் போதும். பவர் ஷட்டரும் கதவுக்குள் எயார்பேக் வயர்களும் உள்ள புதிய வாகனங்களின் டோர் போட்டை நாமாகக் கழற்றாமல், தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது.

எங்களிடம் வாகனமே இல்லையே என்பீர்கள். உங்கள் பிள்ளைகள் ஸ்கூல் வேனில் போகிறார்கள் அல்லவா? ஒரு நாள் காலையில் கதவடியில் நின்று, தலையை உள்ளே நீட்டி ஒரு மூச்சு எடுத்துப் பாருங்கள். மக்கல் வாடை வந்தால் வேன்காரரிடம் நல்ல முறையில் சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியாமல் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "மழை உள்ளுக்கு வருது" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஷட்டர் மூடித்தானே இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய், அந்தப் பிள்ளை இருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். நான் அதைச் செய்யாமல் விட்ட நாட்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.